சுப்பனா, வெபரா? ஒரு நகரத்தையே இரண்டாக்கிய பண்டமாற்று

சுப்பன் என்ற பெயரைக் கண்டதும், "நம் ஊர்க்காரர் போலிருக்கிறதே!" என்று வாசகர்கள் நிமிர்ந்து உட்காரக்கூடும். பி.கே.சுப்பன் கனடாவில், டொராண்டோ நகரில் பிறந்தவர். தந்தை ஜமைக்காவிலிருந்தும், தாய் மாண்ட்செராட் தீவிலிருந்தும் வந்து கனடாவில் குடியேறியவர்கள். அங்கே அந்தப் பெயரைச் 'சூபேன்' என்று இழுத்துச் சொல்கிறார்கள். நாம் எழுத்தில் உள்ளபடி சுப்பன் என்றே வைத்துக்கொள்வோம்.

அவர் ஆடியது ஹாக்கி. ஆனால் தியான்சந்த் ஆடிய ஹாக்கி அல்ல. உறைந்த பனித்தளத்தின் மேல், சறுக்குக் காலணி அணிந்துகொண்டு, பந்துக்குப் பதிலாகக் கெட்டியான ரப்பர் வட்டு ஒன்றைத் துரத்தும் பனி ஹாக்கி. கனடா மக்களுக்கு அது வெறும் விளையாட்டல்ல. குளிர்காலம் முழுவதும் அவர்கள் பேசுவதற்கும், சண்டை போடுவதற்கும், சமாதானமாவதற்கும் அதுதான் விஷயம்.

அந்த நாட்டில் 2016-ம் ஆண்டு ஜூன் 29-ந் தேதி பிற்பகல் ஒரு செய்தி வந்தது. மாண்ட்ரீல் கனேடியன்ஸ் அணி தனது நட்சத்திரத் தடுப்பாட்டக்காரரான சுப்பனை, அமெரிக்காவின் நாஷ்வில் பிரெடேட்டர்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டது. பதிலுக்கு நாஷ்வில் அணியின் தலைவரும் தடுப்பாட்டக்காரருமான ஷே வெபரை வாங்கிக்கொண்டது. ஆளுக்கு ஆள், பணமும் இல்லை, வேறு வீரரும் இல்லை. சுத்தமான பண்டமாற்று!

அன்று தொடங்கிய வாக்குவாதம் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. யார் ஏமாந்தார்கள்? யாருக்கு லாபம்? கேள்வி எளிதானது. ஆனால் அதற்கு விடை தேடப் போனால், ஒரு தடுப்பாட்டக்காரரை எந்தத் தராசில் வைத்து நிறுப்பது என்ற பெரிய கேள்வி குறுக்கே வந்து நிற்கிறது.

தடுப்பவருக்கு என்ன கணக்கு?

பனி ஹாக்கியில் ஒரு சமயத்தில் ஒரு பக்கத்துக்கு ஆறு பேர் ஆடுவார்கள். ஒரு கோல்காப்பாளர், மூன்று முன்வரிசைக்காரர்கள், இரண்டு தடுப்பாட்டக்காரர்கள். ஓட்டம் அத்தனை வேகம் என்பதால், கோல்காப்பாளரைத் தவிர மற்றவர்கள் ஒரு நிமிடத்துக்குள் களைத்துப்போய் வெளியே வருவார்கள். அடுத்த ஜோடி உள்ளே போகும். ஆட்டம் மொத்தம் 60 நிமிடம். முதல்தரமான தடுப்பாட்டக்காரர் அதில் 25 நிமிடம்வரை களத்தில் இருப்பார். கோல்காப்பாளரை விட்டுவிட்டால், அணியில் அதிக நேரம் உழைப்பவர் அவர்தான்.

முன்வரிசைக்காரரின் திறமையை எண்ணிவிடலாம். இத்தனை கோல் அடித்தார் என்று சொன்னால் தீர்ந்தது. தடுப்பாட்டக்காரரின் வேலையோ, கோல் விழாமல் பார்த்துக்கொள்வது. நடந்ததை எண்ணலாம்; நடக்காததை எப்படி எண்ணுவது? காவல்காரர் இருந்த தெருவில் எத்தனை திருட்டு நடக்காமல் போயிற்று என்று யார் கணக்குச் சொல்ல முடியும்? ஆகவேதான் முன்வரிசைக்காரர் கைமாறும்போது வராத சச்சரவு, தடுப்பாட்டக்காரர் கைமாறும்போது வருகிறது. ஒவ்வொரு ரசிகரும் தாம் கண்ணால் கண்டதைச் சாட்சியாக வைத்துப் பேசுகிறார். ஒருவர் கண்டதை இன்னொருவர் காண்பதில்லை.

இரண்டு மனிதர்கள், இரண்டு குணங்கள்

சுப்பனுக்கு அப்போது வயது 27. ஒவ்வொரு ஆண்டும் மிகச் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கு வழங்கப்படும் நாரிஸ் கோப்பையை 2013-ல் வென்றவர். தடுப்பாட்டக்காரர் என்று பெயரே தவிர, பின்னால் நின்று காவல் காப்பதோடு அவருக்கு மனம் அடங்காது. வட்டைத் தாமே எடுத்துக்கொண்டு, எதிரிகளைச் சுற்றி வளைத்துச் சறுக்கிப்போய், எதிர்க்கோலின் வாசலில் நிற்பார். கோல் விழுந்தால் குதூகலிப்பார். பளிச்சென்ற உடை, ஓயாத சிரிப்பு, யாரிடமும் கலகலப்பான பேச்சு. 2015 செப்டம்பரில் மாண்ட்ரீல் குழந்தைகள் மருத்துவமனைக்கு ஏழு ஆண்டுகளில் ஒரு கோடி டாலர் திரட்டித் தருவதாக வாக்களித்தார். அவருடைய தந்தை, ஜமைக்காவிலிருந்து வந்து சட்பரி என்ற சுரங்க நகரில் வளர்ந்த சிறுவனாக இருந்தபோதே மாண்ட்ரீல் அணியின் ரசிகராகிவிட்டவர். தாம் கொண்டாடிய அணிக்கே மகன் ஆடினான் என்றால் அந்தக் குடும்பத்தின் பெருமிதத்தைச் சொல்ல வேண்டுமா?

வெபர் வேறு வார்ப்பு. வயது 30. பிரிட்டிஷ் கொலம்பியாவில் சிகமூஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். ஆறடி நான்கங்குலம் உயரம். அதிகம் பேசமாட்டார். 2010 முதல் நாஷ்வில் அணியின் தலைவர். கனடாவுக்காக 2010, 2014 இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கப் பதக்கம் பெற்றவர். அவர் ஓங்கி அடித்தால் வட்டு மணிக்கு 108 மைல், அதாவது சுமார் 174 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். கிரிக்கெட்டில் 160-ஐத் தொடுவதே அபூர்வம் என்பதை நினைத்துப் பாருங்கள். வான்கூவர் ஒலிம்பிக்கில் ஜெர்மனிக்கு எதிராக அவர் அடித்த அடியில் வட்டு கோல் வலையையே கிழித்துக்கொண்டு மறுபுறம் போய்விட்டது. நடுவர்கள் படச்சுருளைப் போட்டுப் பார்த்த பிறகுதான் அது கோல் என்று தெரிந்தது!

2014 ஒலிம்பிக்கில் சுப்பனும் கனடா அணியில் இருந்தார். ஆனால் ஒரே ஓர் ஆட்டத்தில்தான் அவரை இறக்கினார்கள். வெபரோ அந்த அணியின் தூண்களில் ஒருவர். "பார்த்தீர்களா, நெருக்கடி வரும்போது பயிற்சியாளர்கள் யாரை நம்புகிறார்கள்?" என்று வெபர் கட்சிக்காரர்கள் இதைத்தான் முதல் வாதமாக எடுத்து வைத்தார்கள்.

ஒரு கட்சி சொன்னது

வெபர் கட்சியின் வாதம் இதுதான்: "சுப்பன் வித்தைக்காரர், சந்தேகமில்லை. ஆனால் வித்தை தவறினால் விபத்து. முன்னேறிப் போனவர் வட்டைப் பறிகொடுத்துவிட்டால், பின்னால் வாசல் திறந்து கிடக்கிறது. வெபர் தம் இடத்தைவிட்டு நகரமாட்டார். அவரைத் தாண்டிப் போக எதிரி இரண்டு முறை யோசிப்பான். வீரர்களின் அறையில் அவர் ஒரு வார்த்தை சொன்னால் இளையவர்கள் கேட்பார்கள். கோப்பை வெல்ல இப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும்."

இந்த வாதத்துக்குப் பின்னணி உண்டு. 2015-16 பருவத்தில் மாண்ட்ரீல் முதல் ஒன்பது ஆட்டங்களையும் வென்றது. பிறகு கோல்காப்பாளர் கேரி பிரைஸ் காயமடைய, அணி சரிந்தது. இறுதிச் சுற்றுகளுக்கே தகுதி பெறவில்லை. அந்தச் சரிவின் நடுவே, பிப்ரவரியில் கொலராடோவில் ஓர் ஆட்டம் கைநழுவியபோது பயிற்சியாளர் மிஷெல் தேரியன் பகிரங்கமாகவே சுப்பன் மேல் பழியைப் போட்டார். பயிற்சியாளருக்கும் நட்சத்திரத்துக்கும் இடையே புகைச்சல் என்பது ஊரறிந்த ரகசியமாயிற்று.

மறு கட்சி சொன்னது

சுப்பன் கட்சிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "வெபர் பெரிய ஆட்டக்காரர்தான், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் எப்போது? அவருக்கு 31 ஆகப்போகிறது, சுப்பனுக்கு 27. வெபரின் ஒப்பந்தம் 2026 வரை, அதாவது அவருக்கு நாற்பது வயதாகும்வரை. சுப்பனின் ஒப்பந்தம் 2022-லேயே முடிகிறது. வேகத்தை விற்று வயதை வாங்குகிறீர்களே, இது என்ன வியாபாரம்?" என்று கேட்டார்கள்.

அவர்கள் கையில் புதிய ஆயுதம் ஒன்றும் இருந்தது: புள்ளிவிவரம். ஜிம் கோர்சி என்ற கோல்காப்புப் பயிற்சியாளரின் பெயரால் வழங்கும் கணக்கு அது. ஒரு வீரர் களத்தில் இருக்கும் நேரத்தில் அவருடைய அணி எத்தனை முறை கோலை நோக்கி அடிக்கிறது, எதிரணி எத்தனை முறை அடிக்கிறது என்று எண்ணிக் கழிப்பார்கள். வட்டு யார் வசம் இருந்தது என்பதை அது ஓரளவு காட்டிவிடும். நடக்காததை எண்ணுவதற்குக் கண்டுபிடித்த குறுக்கு வழி என்று சொல்லலாம். இந்தக் கணக்கில் சுப்பன் உயர்ந்து நின்றார். வெபர் அத்தனை சோபிக்கவில்லை. "வட்டு நம்மிடமே இருந்தால் தடுக்க வேண்டிய அவசியமே இல்லையே! சுப்பன் முன்னேறிப் போவதே தடுப்பாட்டம்தான்" என்றார்கள் இவர்கள்.

சர்ச்சை ரசிகர்களோடு நிற்கவில்லை. மாண்ட்ரீல் அணிக்குப் புள்ளிவிவர ஆலோசனை சொல்லி வந்தவரே இந்த மாற்றத்தைக் கடுமையாக எதிர்த்தார் என்றும், அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்றும் கனடா பத்திரிகைகள் அப்போது எழுதின.

சுப்பன் கறுப்பினத்தவர் என்பதையும் சிலர் நினைவூட்டினார்கள். "இதே குதூகலத்தை ஒரு வெள்ளைக்கார இளைஞர் காட்டியிருந்தால் உற்சாகம் என்றிருப்பீர்கள், இவர் காட்டினால் மட்டும் அடக்கமில்லை என்கிறீர்களா?" என்று அவர்கள் கேட்டார்கள். எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியல்ல அது.

இரண்டே நாள்!

ரசிகர்களை மிகவும் சீண்டியது தேதிதான். வட அமெரிக்காவில் வீரர் மாற்றம் நடக்கும் முறையை இங்கே சொல்ல வேண்டும். ஐரோப்பியக் கால்பந்தில் ஓர் அணி இன்னோர் அணிக்குப் பணம் கொடுத்து வீரரை வாங்கும். வீரரும் புதிய அணியோடு சம்பளம் பேசிச் சம்மதிக்க வேண்டும். தேசிய ஹாக்கி லீகில் அப்படியல்ல. அணியிடம் இருப்பது வீரரின் ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தை அப்படியே இன்னோர் அணிக்கு மாற்றிவிடலாம். வீரரைக் கேட்க வேண்டியதில்லை. சர்க்கார் உத்தியோகஸ்தருக்கு மாற்றல் உத்தரவு வருவதுபோல, தொலைபேசியில் தகவல் வரும். மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இதற்கு ஒரே வேலி, 'என் சம்மதமின்றி என்னை மாற்றக்கூடாது' என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து எழுதி வாங்கிக்கொள்வது. சுப்பன் 2014-ல் எட்டு ஆண்டுகளுக்கு 7 கோடியே 20 லட்சம் டாலருக்குக் கையெழுத்திட்டபோது அந்த ஷரத்தையும் வாங்கியிருந்தார். ஆனால் அது 2016 ஜூலை 1-ந் தேதிதான் அமலுக்கு வர இருந்தது. அணியின் பொது மேலாளர் மார்க் பெர்ஜவின் பண்டமாற்றை முடித்ததோ ஜூன் 29. வேலி போட இரண்டு நாள் இருக்கும்போது மாட்டை ஓட்டிவிட்டார்கள்!

"சட்டப்படி சரி" என்றது ஒரு கட்சி. "சட்டப்படி சரி, நியாயப்படியா?" என்றது மறு கட்சி. குழந்தைகள் மருத்துவமனைக்கு வாக்குக் கொடுத்து, இந்த ஊரே என் ஊர் என்று இருந்தவரை இப்படி அனுப்பலாமா என்று பலர் மனம் கசந்தார்கள். ஒரு ரசிகர் சொந்தச் செலவில் உள்ளூர் ஆங்கிலப் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துச் சுப்பனுக்கு நன்றி சொன்னார். சுப்பனோ, அணி மாறினாலும் மருத்துவமனைக்குக் கொடுத்த வாக்கு மாறாது என்று அறிவித்தார்.

பழைய காயங்கள்

மாண்ட்ரீல்காரர்கள் இத்தனை கொதித்ததற்குப் பழைய கதைகளும் காரணம். ஸ்டான்லி கோப்பையை 24 முறை வென்ற அணி அது. வேறெந்த அணியும் அந்த எண்ணிக்கைக்கு அருகில் இல்லை. பிரெஞ்சு பேசும் மக்களுக்கு அது மொழியின் கொடி, இனத்தின் கொடி. 1955 மார்ச்சில் மாரிஸ் ரிச்சர்ட் என்ற வீரரை லீக் தலைவர் தற்காலிகமாக விலக்கியபோது அந்த நகரத்தில் கலவரமே மூண்டது.

அந்த அணி தன் மிகச் சிறந்த தடுப்பாட்டக்காரரை வெளியே அனுப்பியது 2016-ல் முதல் தடவையல்ல. டக் ஹார்வி நாரிஸ் கோப்பையை மாண்ட்ரீலுக்காக ஆறு முறை வென்றவர். வீரர்களுக்குச் சங்கம் அமைக்க 1957-ல் முன்னின்றவர்களில் ஒருவர். 1961-ல் அவரை நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணிக்குத் தள்ளிவிட்டார்கள். சங்கம் வைத்ததற்குத் தண்டனை இது என்று அன்றே பலர் சொன்னார்கள். நியூயார்க் போன முதல் பருவத்திலேயே ஹார்வி ஏழாவது முறையாக அந்தக் கோப்பையை வாங்கிக் காட்டினார்.

அடுத்து கிறிஸ் செலியோஸ். 1989-ல் நாரிஸ் கோப்பை வென்றவர். மறு ஆண்டே அவரைச் சிகாகோவுக்குக் கொடுத்து, டெனி சவார் என்ற முன்வரிசைக்காரரை வாங்கினார்கள். அது நடந்த நாளும் ஜூன் 29 என்பது விந்தை! செலியோஸ் சிகாகோவில் மேலும் இரண்டு முறை நாரிஸ் கோப்பை வென்று, 48 வயதுவரை ஆடினார். சவார் மூன்றே பருவங்கள் இருந்தார். ஆனால் அந்த மூன்றாவது பருவமான 1993-ல் மாண்ட்ரீல் ஸ்டான்லி கோப்பையை வென்றது. இப்போது சொல்லுங்கள், அந்த வியாபாரத்தில் யாருக்கு லாபம்? முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அங்கே ஒருமித்த விடை கிடையாது.

தீர்ப்புச் சொன்ன காலம்

சுப்பன்–வெபர் வழக்கில் காலம் என்ன தீர்ப்புச் சொல்லிற்று?

முதல் பருவத்தில் வெபர் 17 கோல் அடித்தார்; மாண்ட்ரீல் தன் பிரிவில் முதலிடம் பெற்றது. "எங்கே, இப்போது பேசுங்கள்!" என்றது வெபர் கட்சி. ஆனால் இறுதிச் சுற்றுகளின் முதல் கட்டத்திலேயே அணி வெளியேறியது. சுப்பனை வாங்கிய நாஷ்விலோ, 2017-ல் தன் வரலாற்றில் முதல் முறையாக ஸ்டான்லி கோப்பை இறுதிப் போட்டிக்கே போய்விட்டது. ஆறாவது ஆட்டத்தில் பிட்ஸ்பர்கிடம் தோற்றது. "நாங்கள் சொல்லவில்லையா?" என்று சுப்பன் கட்சி மார்தட்டியது. சுப்பனைக் குறை சொன்ன பயிற்சியாளர் தேரியனையும் அந்தப் பருவம் முடிவதற்குள் மாண்ட்ரீல் வீட்டுக்கு அனுப்பியிருந்தது.

அந்தப் பருவத்தில், 2017 மார்ச் 2-ந் தேதி, நாஷ்வில் அணியோடு சுப்பன் மாண்ட்ரீலுக்கு ஆட வந்தார். அரங்கத்தின் திரையில் அவருடைய பழைய ஆட்டங்களைக் காட்டினார்கள். 21 ஆயிரம் பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். பனித்தளத்தின் ஓரத்தில் சுப்பன் கண்ணீரோடு நின்றார். அன்றைய ஆட்டத்தில் மாண்ட்ரீல் கடைசி வினாடிகளில் கோல் போட்டு 2–1 என்று வென்றது. ரசிகர்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? பிரியமானவரையும் வரவேற்றாயிற்று, சொந்த அணியும் ஜெயித்தாயிற்று!

பிறகு காற்று மாறியது. 2017-18-ல் வெபர் காலில் காயம்பட்டு 26 ஆட்டங்களோடு நின்றார். அதே பருவத்தில் சுப்பன் நாரிஸ் கோப்பைக்கான கடைசி மூவரில் ஒருவர். ஆனால் மறு ஆண்டு அவருடைய வேகம் குறைந்தது. 2019 ஜூனில் நாஷ்வில் அவரை நியூஜெர்சிக்குக் கொடுத்துவிட்டது. பதிலுக்கு வந்ததோ பெரிய பெயர் இல்லாத இரண்டு வீரர்களும் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகள் இரண்டும்தான். ஒரு காலத்தில் வெபருக்கு ஈடாக நின்றவரின் விலை மூன்றே ஆண்டுகளில் அவ்வளவு இறங்கிவிட்டது.

வெபர் 2018-ல் மாண்ட்ரீலின் தலைவரானார். 2021-ல் யாருமே எதிர்பாராத வகையில் அந்த அணியை ஸ்டான்லி கோப்பை இறுதிவரை கொண்டு போனார். டொராண்டோவிடம் 1–3 என்று பின்தங்கியிருந்த தொடரை மீட்டு வென்றார்கள். இறுதியில் தம்பா பே அணியிடம் ஐந்தே ஆட்டங்களில் தோற்றார்கள். கால், கணுக்கால், முழங்கால் எல்லாம் பழுதான நிலையில் வெபர் அந்த ஆட்டங்களை ஆடினார் என்பது பிறகுதான் தெரிந்தது. அதன்பின் அவர் ஒருநாளும் களமிறங்கவில்லை. மனிதர் வீட்டில் இருக்க, அவருடைய ஒப்பந்தம் மட்டும் சம்பள வரம்புக் கணக்குக்காக வேகாஸ், அரிசோனா என்று ஊர் ஊராகக் கைமாறியது! பண்டமாற்றை முடித்த பெர்ஜவினும் அதே 2021 நவம்பரில் வேலையிழந்தார்.

ஆக, சுப்பனை வைத்து நாஷ்வில் இறுதிவரை போயிற்று. வெபரை வைத்து மாண்ட்ரீல் இறுதிவரை போயிற்று. இரண்டும் கோப்பையைத் தொடவில்லை. இரு கட்சியும் ஒரு சமயம் ஜெயித்தன. இரு கட்சியும் கடைசியில் தோற்றன.

இன்னொரு வழக்கு

அதே ஜூன் 29 அன்று, சுப்பன் செய்தி வருவதற்குச் சற்று முன்னால், எட்மண்டன் அணியும் ஒரு பண்டமாற்று செய்திருந்தது. 2010-ல் இளம் வீரர்களில் முதல்வராகத் தேர்ந்தெடுத்த முன்வரிசைக்காரர் டெய்லர் ஹாலை நியூஜெர்சிக்குக் கொடுத்து, ஆடம் லார்சன் என்ற தடுப்பாட்டக்காரரை வாங்கியது. கோல் குவிப்பவரைக் கொடுத்து, அதிகம் பேர் கேள்விப்படாத தடுப்பாட்டக்காரரை வாங்குவதா என்று எட்மண்டன் ரசிகர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆனால் மறு பருவமே, 2006-க்குப் பிறகு முதல் முறையாக, எட்மண்டன் இறுதிச் சுற்றுகளுக்குப் போயிற்று. லார்சன் வந்ததால்தான் என்றார்கள் சிலர். 2018-ல் ஹால், லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற ஹார்ட் கோப்பையை வாங்கினார். நாங்கள் அன்றே அழுதோமே என்றார்கள் மற்றவர்கள். தடுப்பாட்டக்காரருக்கு விலை போடும் எந்தத் தராசும் ஒரே நிலையில் நிற்பதில்லை என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

நமக்கும் புதிதல்ல

இது ஏதோ பனிநாட்டுச் சங்கதி என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. ஐ.பி.எல். கிரிக்கெட்டில் அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ளத் தொடங்கிய பிறகு, அதே வாக்குவாதம் இந்த மும்பையில் நம் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டது. 2023 நவம்பரில் ஹர்திக் பாண்டியா குஜராத்திலிருந்து மும்பை அணிக்குக் கொண்டுவரப்பட்டு, ரோகித் சர்மாவின் இடத்தில் தலைவரானார். 2024 ஐ.பி.எல். பருவத்தில் வாங்கடே மைதானத்தில் சொந்த ஊர் ரசிகர்களே அவரைக் கேலிக் கூச்சலிட்டு வரவேற்றார்கள். அதே ஆண்டு ஜூன் 29-ந் தேதி (மறுபடியும் அந்தத் தேதி!) இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதியில் கடைசி ஓவரை வீசி இந்தியாவுக்கு வெற்றி தேடித் தந்தார். ஜூலை 4-ல் அதே வாங்கடே அவர் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தது.

2025 நவம்பரில் சென்னை அணி ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கர்ரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து, சஞ்சு சாம்சனை வாங்கியது. 2023 இறுதியின் கடைசி இரண்டு பந்துகளில் சிக்சரும் பவுண்டரியும் அடித்துக் கோப்பையைப் பெற்றுத் தந்தவரை அனுப்பலாமா என்று ஒருவர் கேட்பார். அவருக்கு வயது 36, சாம்சனுக்கு 31, கணக்குப் பார்க்க வேண்டாமா என்று இன்னொருவர் பதில் சொல்வார். பெயர்களை மாற்றிவிட்டால் இது மாண்ட்ரீல் வாக்குவாதமேதான்.

எது நியாயம்?

நிர்வாகத்தின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. 2016-17-ல் ஒவ்வோர் அணியும் வீரர்களின் சம்பளத்துக்காகச் செலவிடக்கூடிய உச்ச வரம்பு 7 கோடியே 30 லட்சம் டாலர். அதில் ஆண்டுக்கு 90 லட்சம் சுப்பன் ஒருவருக்கே போயிற்று. ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. வரம்புக்கு உட்பட்டு அணி கட்டுகிறவர், உணர்ச்சியை ஓரமாக வைத்துத்தான் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. அணி வேறு, ஆள் வேறு என்பது அவருடைய தர்மம்.

ரசிகருக்கு அப்படிப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அவர் டிக்கெட் வாங்குவது ஓர் அணிக்காக என்றாலும், வீட்டுச் சுவரில் படம் மாட்டுவது ஓர் ஆளுக்காக. நிர்வாகி, "இந்த ஆள் நாளை என்ன செய்வார்?" என்று கேட்கிறார். ரசிகர், "இந்த ஆள் நேற்று நமக்கு என்னவாக இருந்தார்?" என்று கேட்கிறார். இரண்டும் வெவ்வேறு கேள்விகள். ஒன்றின் விடையால் மற்றதைத் தீர்க்க முயல்வதால்தான் வாதம் முடிவதே இல்லை. புள்ளிவிவரம் எத்தனை நுட்பமாக வளர்ந்தாலும் முதல் கேள்விக்குத்தான் அது உதவும்.

நடுவில் நிற்கும் மனிதரை மட்டும் இரு கட்சியும் சில சமயம் மறந்துவிடுகின்றன. சுப்பனும் கேட்டுக்கொண்டு போகவில்லை. வெபரும் கேட்டுக்கொண்டு வரவில்லை. பதினோரு பருவங்கள் ஆடிய ஊரை வெபர் ஒரே பிற்பகலில் விட்டு வந்தார். வந்த இடத்தில் பாதி ஊர் தம்மை விரும்பவில்லை என்று தெரிந்தும், வாய் திறந்து ஒரு பதில் சொல்லாமல், தடுப்பதே தம் வேலை என்று தடுத்தார். சுப்பன் போன இடத்தில் சிரிப்பை விடவில்லை. விட்டு வந்த ஊரின் குழந்தைகளை மறக்கவுமில்லை. பண்டமாற்றில் பண்டமாக இருந்த இருவரும்தான் அந்த விவகாரத்தில் மிகக் கண்ணியமாக நடந்துகொண்டவர்கள்.

சுப்பன் 2022 செப்டம்பரில், 33-வது வயதில் ஓய்வு பெற்றார். 2023 ஜனவரியில் மாண்ட்ரீல் அணி அவரை அழைத்து, தன் அரங்கத்திலேயே விழா எடுத்தது. எதிரணியாக அன்று வந்திருந்தது நாஷ்வில். வெபருக்கு 2024-ல் ஹாக்கிப் புகழ் மண்டபத்தில் இடம் கிடைத்தது. 1993-க்குப் பிறகு 2025 முடியும்வரை மாண்ட்ரீலுக்கு ஸ்டான்லி கோப்பை கிடைக்கவில்லை. வேறு எந்தக் கனடா அணிக்கும்தான் கிடைக்கவில்லை. ஆகவே, அன்று எவரை வைத்திருந்தால் கோப்பை வந்திருக்கும் என்ற வழக்கு இன்னும் தள்ளுபடியாகவில்லை. இரண்டு மாண்ட்ரீல்காரர்கள் சந்தித்து, சுப்பன் பெயரை ஒருவர் எடுத்தால் போதும். மற்றவர் வெபர் என்பார். காப்பி ஆறிப்போகும்வரை பேசிவிட்டு, அடுத்த ஆட்டத்துக்கு இருவரும் ஒரே நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு சேர்ந்தே போவார்கள்.